நாலு பாயிண்ட், ஒரு கன்ட்ரோலர்: சின்ன மாடல் ரயில் லேஅவுட்டுக்கு ஒயரிங் செய்வது எப்படி?

உங்கள் கேள்வியை முதலில் சுருக்கிக்கொள்கிறேன், இதே சிக்கலோடு வேறு யாராவது வந்தால் அவர்களுக்கும் புரியட்டும். 6 அடிக்கு 4 அடி பலகை, ஓஓ கேஜ் (மாடல் ரயில் அளவுகளில் ஒன்று), ஒரு ஓவல், அதில் ஒரு லூப் லைன் (மெயினிலிருந்து பிரிந்து மறுபடி மெயினிலேயே சேரும் லைன்), உள்பக்கம் இரண்டு சைடிங் (வண்டி நிறுத்தும் முட்டு லைன்). ஆக நாலு பாயிண்ட் (வண்டியை லைன் மாற்றிவிடும் இடம்), எல்லாம் பீக்கோ கம்பெனியின் எலக்ட்ரோஃப்ராக் வகை, அடியில் அவற்றை நகர்த்தும் பிஎல்-10 மோட்டார். ஓட்டுவதற்கு ஒரு சாதாரண டிசி கன்ட்ரோலர். அதன் பின்பக்கம் 16 வோல்ட் ஏசி தனியாக வருகிறது, மோட்டார்களுக்கு அதிலிருந்து எடுத்திருக்கிறீர்கள். ஒரு மோட்டார் கருகிவிட்டது. லூப்பின் இரண்டு முனையையும் ஒரே சுவிட்சில் மாட்டினால் ‘டிக்’ என்று சத்தம் வருகிறது, பாயிண்ட் நகரவில்லை. சைடிங் பக்கம் பாயிண்டைத் திருப்பினால் கன்ட்ரோலர் கட் ஆகிவிடுகிறது. ஓவலின் எதிர்ப்பக்கத்தில் இன்ஜின் மெதுவாகிறது. டிசிசிக்கு (தண்டவாளம் வழியாகவே ஒவ்வொரு இன்ஜினுக்கும் தனித்தனியே டிஜிட்டல் கட்டளை அனுப்பும் முறை) மாறினால் இதெல்லாம் சரியாகிவிடுமா என்றும் கேட்டிருக்கிறீர்கள்.

ஆகாது. டிசிசிக்கு மாறினால் இதே கோளாறுகள் இன்னும் அதிக ஆம்பியரோடு வரும், அவ்வளவுதான். மூலகாரணம் வேறு. தண்டவாளத்துக்கு வேண்டியது இடைவிடாமல் வரும் கொஞ்சம் கரண்ட். பாயிண்ட் மோட்டாருக்கு வேண்டியது ஒரு கணம் மட்டும் வரும் பெரிய அடி, அதற்குப் பிறகு சுத்தமாக ஒன்றுமே கூடாது. இந்த இரண்டையும் ஒரே மாதிரி ஒயர், ஒரே மாதிரி சுவிட்ச் போட்டு ஓட்டப் பார்ப்பதால்தான் பாதி லேஅவுட்கள் படுத்துகின்றன. அதனால் இரண்டையும் தனித்தனி வேலையாக எடுத்துக்கொண்டு சொல்கிறேன், மோட்டாரிலிருந்து ஆரம்பிக்கலாம்.

பிஎல்-10க்குள் இருப்பது உண்மையில் மோட்டார் இல்லை, இரண்டு காயில்கள். நடுவில் ஒரு இரும்புத் தண்டு. இந்தக் காயிலுக்கு கரண்ட் கொடுத்தால் தண்டு இந்தப் பக்கம் இழுபடும், அந்தக் காயிலுக்குக் கொடுத்தால் அந்தப் பக்கம். ஹார்ன்பி, சீப் (Seep) கம்பெனிகளின் மோட்டார்களும் இதே ஜாதிதான். காயிலின் ரெசிஸ்டன்ஸை மீட்டரில் பார்த்தால் சுமார் 4 ஓம்தான் காட்டும். அதாவது 16 வோல்ட் கொடுத்தால் 3, 4 ஆம்பியர் கேட்கும், கட்டைவிரல் அளவு காயிலுக்குள் 50 வாட்டுக்கு மேல் போகிறது. அரை நொடிக்குள் முடிந்துவிட்டால் ஒன்றும் ஆகாது, சூடுகூடத் தெரியாது. சில நொடிகள் தொடர்ந்தால் எனாமல் உருகி, வாசனை வந்து, புகை வந்து, கதை முடிந்தது. நீங்கள் அனுப்பிய விவரத்தில் ‘டாகிள் சுவிட்ச்’ என்று மட்டும் இருக்கிறது. வீட்டு லைட் சுவிட்ச் மாதிரி போட்ட இடத்தில் நிற்கும் வகை என்றால் மோட்டார் கருகியதற்கு வேறு காரணமே தேட வேண்டாம்.

வாங்க வேண்டியது நடுவுக்குத் தானே திரும்பும் ஸ்பிரிங் டாகிள். மேலே தள்ளினால் ஒரு காயில், கீழே தள்ளினால் மற்றது, விரலை எடுத்தால் நடுவில் வந்து ஆஃப். கடையில் ‘சென்டர் ஆஃப், இரண்டு பக்கமும் மொமென்டரி’ என்று கேளுங்கள். வெறும் சென்டர் ஆஃப் என்று கேட்டால் போட்ட பக்கமே நிற்பதைக் கொடுத்துவிடுவார்கள், பார்க்க இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். இல்லாவிட்டால் இரண்டு புஷ் பட்டன். பீக்கோவின் பிஎல்-26 லிவர் இன்னொரு வழி: லிவரைத் தள்ளும்போது போகிற போக்கில் ஒரு கணம் தொட்டுவிட்டுப் போகும், லிவர் சாய்ந்திருக்கும் பக்கத்தைப் பார்த்தாலே பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியும். பார்க்கவும் அழகு, சிக்னல் கேபினில் வரிசையாக நிற்கும் லிவர்களின் சாயல். விலைதான் கொஞ்சம் கூட.

அடுத்து அந்த ‘டிக்’ சத்தம். கன்ட்ரோலரின் பின்னால் வரும் 16 வோல்ட் ஏசி பொதுவாக 1 ஆம்பியர் அளவுக்குத்தான். ஒரு மோட்டார் கேட்பதே அதைப்போல மூன்று நாலு மடங்கு, இரண்டு மோட்டார் சேர்ந்து கேட்டால் வோல்டேஜ் அப்படியே படுத்துவிடும். தண்டு அசைகிறது, ஆனால் பாயிண்டுக்குள் இருக்கும் அந்தச் சின்ன ஸ்பிரிங்கைத் தாண்டித் தள்ளத் தெம்பு இல்லை. இதற்கு ஆம்பியர் அதிகமுள்ள டிரான்ஸ்பார்மர் வாங்குகிறவர்கள் உண்டு. அது வேண்டாம், சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் இன்னும் வேகமாகக் கருகும். சரியான மருந்து சிடியு, கெப்பாசிட்டர் டிஸ்சார்ஜ் யூனிட்.

மொட்டைமாடித் தொட்டிக்கு மெல்லிய குழாயில் நீர் ஏற்றிவைத்துக்கொண்டு, கீழே ஒரே மூச்சில் திறந்துவிடுவது போலத்தான் அதன் வேலை. ஏசியை டயோடு வழியாக டிசியாக்கி, ஒரு பெரிய கெப்பாசிட்டரில் மெதுவாக நிரப்பும். சுவிட்சைத் தட்டியதும் மொத்தமும் ஒரே கணத்தில் காயிலுக்குள் போய்விடும். 16 வோல்ட் ஏசியின் உச்சம் 1.414ஆல் பெருக்கினால் 22.6 வோல்ட், டயோடுகளில் கொஞ்சம் போக 21 வோல்ட் என்று வைத்துக்கொள்வோம். 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர் என்றால் சுமார் 1 ஜூல் சேர்ந்திருக்கும். நன்றாகப் பொருத்திய இரண்டு பிஎல்-10ஐ ஒன்றாகத் தள்ள அது போதும். இன்னொரு நன்மைதான் எனக்கு இதைவிட முக்கியம்: கெப்பாசிட்டர் காலியானதும் காயிலுக்குப் போகும் கரண்ட் மிகச் சிறியதாகிவிடும், அதனால் சுவிட்ச் ஒட்டிக்கொண்டாலும், வீட்டுக்கு வந்த பிள்ளைகள் பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டே நின்றாலும் மோட்டார் பிழைக்கும்.

கேஜ்மாஸ்டர் உட்படப் பலர் ரெடிமேடாக விற்கிறார்கள். சால்டரிங் பழக்கம் இருந்தால் நீங்களே செய்துகொள்ளலாம், ரகசியம் ஒன்றுமில்லை: ஒரு பிரிட்ஜ் ரெக்டிஃபையர், அதன் பிளஸ்ஸிலிருந்து 100 ஓம் 5 வாட் ரெசிஸ்டர், அதன் மறுமுனையிலிருந்து மைனஸுக்கு 4700 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், அவுட்புட்டுக்குக் குறுக்கே ஒரு டயோடு தலைகீழாக. அந்த டயோடு எதற்கென்றால் காயில் அணையும்போது எதிர்த்து வரும் வோல்டேஜ் கெப்பாசிட்டரைத் தாக்காமல் இருக்க. கெப்பாசிட்டர் 35 வோல்ட் ரகமாக இருக்கட்டும், 25 வோல்ட் வேண்டாம். 16 வோல்ட் என்று எழுதியிருக்கும் டிரான்ஸ்பார்மர் லோடு இல்லாதபோது 18, 19 கூடக் காட்டும், உச்சத்தில் அது 26ஐத் தொட்டுவிடும். எலக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டரைப் பிளஸ் மைனஸ் மாற்றிப் போட்டாலும் வெடிக்கும், இரண்டு தடவை பார்த்துவிட்டு பவர் கொடுங்கள். இந்த அளவுகளில் மறுபடி நிரம்ப இரண்டு நொடி ஆகும். தடதடவென்று நாலு பாயிண்டையும் தட்ட முடியாது, ஒன்றைத் தட்டி ஒரு மூச்சு விட்டு அடுத்தது.

சிடியு ஒன்றே ஒன்று போதும், மோட்டாருக்கு ஒன்று வேண்டாம். அது சுவிட்சுகளுக்கு முன்னால் வர வேண்டும்: 16 வோல்ட் ஏசி உள்ளே, வெளியே வரும் பிளஸ் எல்லாச் சுவிட்சுகளின் நடுக்காலுக்கும், வெளியே வரும் மைனஸ் எல்லா மோட்டார்களின் பொது முனைக்கும். பிஎல்-10இல் நாலு டேக் இருக்கும், காயிலுக்கு இரண்டு. ஒரு காயிலின் ஒரு முனையையும் மற்றதன் ஒரு முனையையும் சேர்த்துவிட்டால் அதுதான் பொது. மீதி இரண்டும் சுவிட்சின் மேல், கீழ் கால்களுக்கு. மூன்று ஒயர்தான். லூப்பின் இரண்டு மோட்டாருக்கும் ஒரே சுவிட்ச் என்றால் இரண்டையும் பேரலலாக இணையுங்கள். ஒன்று நேராகவும் மற்றது திருப்பமாகவும் போனால் ஏதாவது ஒரு மோட்டாரில் காயில் ஒயர்கள் இரண்டையும் இடம் மாற்றினால் முடிந்தது.

ஒயர் கனத்தைப் பற்றிச் சொல்லியே ஆக வேண்டும், ஏனென்றால் சிடியு வாங்கிப் போட்டும் மோட்டார் சோம்பலாக இருக்கிறது என்று வருகிறவர்களில் பாதிப்பேருக்கு ஒயர்தான் காரணம். பிரிட்டிஷ் புத்தகங்களில் 7/0.2, 16/0.2 என்று பார்த்திருப்பீர்கள். முதல் எண் இழைகள், இரண்டாவது ஒவ்வொரு இழையின் விட்டம் மில்லிமீட்டரில். 7/0.2 என்பது 0.22 சதுர மில்லிமீட்டர், 16/0.2 என்பது 0.5. சுவிட்ச் பெட்டியிலிருந்து மோட்டாருக்கு 3 மீட்டர் என்றால் போய்வர 6 மீட்டர், 7/0.2 ஒயரில் கிட்டத்தட்ட அரை ஓம் ஆகிறது. 4 ஆம்பியர் பாயும் கணத்தில் 2 வோல்ட் ஒயரிலேயே போய்விடும். 16/0.2 என்றால் அதில் பாதிகூட இல்லை. ஆகவே மோட்டார்களுக்கு 16/0.2க்குக் குறையாமல், பொது ஒயரை இன்னும் கனமாக. வீட்டு ஒயரிங்குக்கு எலக்ட்ரீஷியன்கள் ‘ஒரு ஸ்கொயர்’ என்று சொல்கிற மல்டி ஸ்டிராண்ட் ஒயர் அதற்கு அருமை. அந்த 7/0.2ஐத் தூக்கிப்போட வேண்டாம், எல்இடிக்கும் தண்டவாளத்திலிருந்து இறங்கும் குட்டி ஒயருக்கும் ஆகும்.

இவ்வளவும் செய்து மோட்டார் நகரவில்லை என்றால் மின்சாரத்தை விட்டுவிட்டு விரலால் தள்ளிப் பாருங்கள். தண்டு பாயிண்டுக்கு நேர் நடுவில் உட்கார்ந்திருக்க வேண்டும், சாய்வாக இருந்தால் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வராது. பேலஸ்ட் கற்களை ஒட்டும்போது பசை கீழே வழிந்து மோட்டாரின் பின் (pin) ஒட்டிக்கொள்வது சர்வசாதாரணம். பாயிண்டுக்குள் இருக்கும் ஸ்பிரிங்கை எடுக்காதீர்கள். பிஎல்-10 போன்ற சாலினாய்டு (காயில்) மோட்டாருக்கு அதுதான் பிளேடை, அதாவது பாயிண்டில் பக்கவாட்டில் நகரும் துண்டை, தண்டவாளத்தோடு ஒட்டிப் பிடித்து வைக்கிறது.

சிலர் டார்டாய்ஸ் போன்ற மெதுவாக நகரும் மோட்டாருக்குப் போகச் சொல்வார்கள். நல்ல பொருள்தான்: 12 வோல்ட் டிசி, முனையில் போய் நின்ற பிறகும் கரண்ட் ஓடிக்கொண்டே இருக்கும்படி செய்தது, அதுவும் 20 மில்லி ஆம்பியருக்குள், அதனால் சிடியுவும் வேண்டாம், ஸ்பிரிங் சுவிட்சும் வேண்டாம், துருவத்தை மாற்றும் ஒரு சாதாரண டிபிடிடி சுவிட்ச் போதும். ஆனால் பலகைக்கு அடியில் மூன்று அங்குலத்துக்கு மேல் இடம் கேட்கும், விலையும் அதிகம், பாயிண்ட் ஸ்பிரிங்கையும் எடுக்க வேண்டியிருக்கும். எஸ்ஜி90 சர்வோ ரிச்சி தெருவில் மலிவாகக் கிடைக்கிறது, ஆர்டுயினோ தெரிந்தவர்களுக்கு அது நல்ல விளையாட்டு. உங்களிடம் ஏற்கெனவே நல்ல பிஎல்-10 மூன்று இருக்கின்றன. கருகியதற்கு மட்டும் ஒன்று வாங்குங்கள்.

சரி, தண்டவாளத்துக்கு வருவோம். சைடிங் பக்கம் திருப்பினால் கட் ஆவது ஏன் என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாக வரும். பாயிண்டில் இரண்டு தண்டவாளங்கள் ஒன்றையொன்று வெட்டும் இடம்தான் ஃப்ராக். இன்சுல்ஃப்ராக்கில் அது பிளாஸ்டிக், கரண்ட் இல்லை. ஒயரிங் சுலபம், ஆனால் நாலு சக்கரச் சின்ன இன்ஜின்கள் அந்த இடத்தில் நின்று விக்கும். நீங்கள் வைத்திருக்கும் எலக்ட்ரோஃப்ராக்கில் அது உலோகம், கரண்ட் உண்டு. பாயிண்ட் எந்தப் பக்கம் இருக்கிறதோ அந்தப் பக்கத் தண்டவாளத்தின் துருவத்தை ஃப்ராக் எடுத்துக்கொள்ளும். இப்போது உங்கள் ஓவலை நினைத்துப் பாருங்கள். பாயிண்ட் மெயின் லைன் பக்கம் இருக்கும்போது ஃப்ராக் பிளஸ் என்று வைத்துக்கொள்ளுங்கள். சைடிங்குக்குத் திருப்பியதும் அது மைனஸ் ஆகிறது, அதோடு இணைந்திருக்கும் மெயின் லைன் தண்டவாளத்துக்கும் அதே மைனஸ் போகிறது. ஆனால் அதே தண்டவாளத்துக்கு ஓவலைச் சுற்றி மறுபக்கத்திலிருந்து பிளஸ் வந்துகொண்டிருக்கிறது. இரண்டும் சந்தித்தால் ஷார்ட். கன்ட்ரோலர் கட் ஆவது அதன் நல்ல குணம்.

ஆகவே ஃப்ராக்கிலிருந்து மெயின் லைனுக்குப் போகும் அந்த ஒரு தண்டவாளத்தில் உலோக ஜாய்னரை (தண்டவாளத் துண்டுகளை இணைக்கும் சின்னக் கவ்வி) எடுத்துவிட்டு பிளாஸ்டிக் ஜாய்னர் போடுங்கள். ஃப்ராக்கிலிருந்து இரண்டு தண்டவாளம் கிளம்பும், இரண்டிலும் போடு என்றுதான் எல்லாப் படத்திலும் இருக்கும், அது தப்பில்லை. ஆனால் டிசியில் முட்டுச் சைடிங் என்றால் சைடிங் பக்கத்து ஜாய்னரை உலோகமாகவே விட்டுவிடலாம் என்பது என் பழக்கம். பாயிண்ட் மெயினுக்கு இருக்கும்போது சைடிங்கின் இரண்டு தண்டவாளமும் ஒரே துருவமாகிவிடும், அங்கே நிற்கும் இன்ஜின் அசையாது. திருப்பியதும் உயிர் வரும். ஒரு சுவிட்சும் ஒரு ஒயரும் மிச்சம். சைடிங்குக்குத் தனியாக எந்த ஃபீடும் (கரண்ட் கொடுக்கும் ஒயர்) கொடுக்கக் கூடாது, அது மட்டும் நிபந்தனை. பின்னாளில் டிசிசிக்குப் போனால் இதை மாற்றிக்கொள்ள வேண்டியிருக்கும். சைடிங்கில் நிற்கும் இன்ஜினின் லைட்டும் சத்தமும் செத்துப்போகும் அல்லவா.

லூப் விஷயம் வேறு. அங்கே இரண்டு பாயிண்டின் ஃப்ராக்குகள் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்கின்றன. ஒன்று நேராகவும் மற்றது திருப்பமாகவும் இருந்தால் ஒரே தண்டவாளத்துக்கு ஒரு முனையில் பிளஸ், மறுமுனையில் மைனஸ். இங்கே சலுகை கிடையாது: இரண்டு பாயிண்டிலும், ஃப்ராக்கிலிருந்து வரும் இரண்டு தண்டவாளத்திலும், மொத்தம் நாலு பிளாஸ்டிக் ஜாய்னர். போட்டதும் மெயினில் ஒன்றும் லூப்பில் ஒன்றுமாக இரண்டு தண்டவாளங்கள் இரு முனையும் துண்டிக்கப்பட்டு அநாதையாக நிற்கும். அவற்றுக்குத் தனி ஒயர் கொடுக்க வேண்டும், அந்த ஒயர் ஒவ்வொன்றிலும் ஒரு சாதாரண ஆன் ஆஃப் சுவிட்ச். இதில் போட்ட இடத்தில் நிற்கும் டாகிள்தான் வேண்டும், உங்களிடம் மிஞ்சியிருப்பதை இங்கே செலவழியுங்கள். இனி லூப்பில் ஒரு வண்டியை நிறுத்தி சுவிட்சை அணைத்துவிட்டு மெயினில் இன்னொன்றை ஓட்டலாம். ஒரு கன்ட்ரோலரில் இரண்டு வண்டி, டிசியில் இதுதான் சுகம். திருப்பி வைக்காத பாயிண்ட் மேல் லூப்பிலிருந்து வண்டி ஏறினால் மட்டும் சக்கரம் ஷார்ட் செய்யும், ஓட்டுகிறவர் கவனம்.

ஃப்ராக்குக்கு கரண்ட் எங்கிருந்து வருகிறது? இப்போது பிளேடு பக்கத்துத் தண்டவாளத்தைத் தொடுவதால். புதுசில் நன்றாக இருக்கும், பிறகு தூசி, பெயின்ட், எண்ணெய் சேர்ந்து ஒரு நாள் தொடாது. மெயின் லைன் பாயிண்டுகளுக்காவது மோட்டாரோடு சேர்ந்து நகரும் சுவிட்ச் ஒன்று வைப்பது நல்லது. பிஎல்-10க்கு அடியில் மாட்டும் பிஎல்-13 அதற்குத்தான், மைக்ரோ சுவிட்ச் வேண்டுமென்றால் பிஎல்-15. சீப் பிஎம்1இல் சுவிட்ச் கூடவே வரும். நடுமுனை ஃப்ராக்குக்கு, மற்ற இரண்டும் வெளிப்பக்கத் தண்டவாளம் ஒவ்வொன்றுக்கும். போட்டதும் பாயிண்ட் எந்தப் பக்கம் இருந்தாலும் ஷார்ட் அடித்தால் அந்த இரண்டையும் இடம் மாற்றுங்கள். ஒரு பக்கம் மட்டும் ஷார்ட் என்றால் ஏதோ ஒரு பிளாஸ்டிக் ஜாய்னர் விட்டுப்போயிருக்கிறது, அல்லது ஜாய்னருக்குள் தண்டவாளங்கள் நகர்ந்து முட்டிக்கொண்டிருக்கின்றன. நம் ஊர் மே மாதத்தில் இரண்டாவது அடிக்கடி நடக்கும், ஒட்டும்போதே அரை மில்லிமீட்டர் இடைவெளி விடுங்கள்.

எதிர்ப்பக்கத்தில் மெதுவாவதுதான் இருப்பதிலேயே எளிய சிக்கல். தண்டவாளம் நிக்கல் சில்வர். பெயரில்தான் சில்வர், செம்பும் நிக்கலும் துத்தநாகமும் கலந்த உலோகம், கரண்ட் கடத்துவதில் செம்புக்குப் பக்கத்தில்கூட வராது. அதோடு ஒவ்வொரு ஜாய்னரும் ஒரு தளர்ந்த கை. ஒரே இடத்தில் கொடுத்த கரண்ட் பன்னிரண்டு பதினைந்து ஜாய்னரைத் தாண்டி எதிர்ப்பக்கம் போவதற்குள் இளைத்துவிடுகிறது. பலகைக்கு அடியில் ஓவலின் வடிவிலேயே கனமான ஒயர் இரண்டு, சிவப்பு ஒன்று கறுப்பு ஒன்று, ஓட்டுங்கள். ஒரு ஸ்கொயர் போதும். அதிலிருந்து ஒவ்வொரு தண்டவாளத் துண்டுக்கும் 7/0.2இல் ஒரு கையளவு குட்டி ஒயர். அத்தனையும் சால்டர் செய்யச் சோம்பலாக இருந்தால் ஓவலில் நாலு இடம், அதில் ஒவ்வொரு பாயிண்டின் மூக்குப்பக்கமும், அதாவது ஒரே லைனாக இருக்கும் பக்கமும், கட்டாயம் வரட்டும். எலக்ட்ரோஃப்ராக்குக்கு மூக்கிலிருந்து ஊட்டுவதுதான் முறை. வெளித் தண்டவாளம் சிவப்பு, உள் தண்டவாளம் கறுப்பு என்று முடிவு செய்தால் ஓவல் முழுக்க அதிலிருந்து மாறாதீர்கள். உள்பக்கம் குறுக்கே ஒரு லைன் போட்டு வண்டியைத் திசை திருப்பும் ஆசை பின்னாளில் வரும். அந்த லைனில் சிவப்பும் கறுப்பும் மோதும், அதற்கு வேறு ஒயரிங் உண்டு, வரும்போது கேளுங்கள்.

சால்டரிங்கில் 25 வாட் அயர்னைவிட 40, 60 வாட்டுக்குக் கனமான முனை போட்டது நல்லது. கேட்கும்போது தலைகீழாகத் தெரியும், ஆனால் சின்ன அயர்னை நெடுநேரம் வைத்திருந்தால்தான் ஸ்லீப்பர் உருகும். பெரியது இரண்டு நொடியில் வேலையை முடித்துவிடும். தண்டவாளத்தின் வெளிப்பக்க விலாவில் சுரண்டி, ரோசின் ஃப்ளக்ஸ் தொட்டு, தண்டவாளத்துக்கும் ஒயருக்கும் முதலில் தனித்தனியே ஈயம் பூசிவிட்டு ஒட்டுங்கள். தகரம் பற்றவைக்கும் ஆசிட் ஃப்ளக்ஸை இதன் பக்கத்தில்கூடக் கொண்டுவர வேண்டாம், சில மாதத்தில் பச்சை பூத்து ஒயர் அறுந்துவிடும். தண்டவாளம் துடைக்க ஐசோப்ரோப்பில் ஆல்கஹாலும் பழைய பனியன் துணியும். உப்புத்தாள் போட்டுத் தேய்த்தால் விழும் கீறல்களில்தான் அடுத்த அழுக்கு குடியேறும்.

230 வோல்ட் பக்கம் பற்றி ஒரு வார்த்தை. கன்ட்ரோலரின் 16 வோல்டையே சிடியுவுக்குக் கொடுக்கலாம், ஆபத்தில்லை, ஆனால் பாயிண்டைத் தட்டும்போது ஓடும் வண்டி லேசாகத் திடுக்கிடலாம், சிடியு நிரம்பும் நேரத்தில் அதே டிரான்ஸ்பார்மர்தானே வண்டிக்கும் ஊட்டுகிறது. உறுத்தினால் மோட்டார்களுக்கென்று தனி டிரான்ஸ்பார்மர் வையுங்கள். நம் கடைகளில் 16 வோல்ட் கேட்டால் விழிப்பார்கள், 15-0-15 எல்லா இடத்திலும் இருக்கும். நடுவுக்கும் ஒரு ஓரத்துக்கும் இடையில் எடுத்தால் 15, சிடியுவுக்கு அது போதும். இரண்டு ஓரத்துக்கும் இடையில் எடுத்தால் 30, அந்த 35 வோல்ட் கெப்பாசிட்டர் தாங்காது. மெயின்ஸ் பக்கத்தை ஃப்யூஸோடு மூடிய பெட்டிக்குள் வைக்கத் தெரிந்தவரைக் கொண்டு செய்யுங்கள், பலகைக்கு அடியில் திறந்த டிரான்ஸ்பார்மர் கூடவே கூடாது. தண்டவாள ஒயரையும் மோட்டார் ஒயரையும் எங்கேயும் ஒன்றோடொன்று சேர்க்காதீர்கள், ‘காமன்’ என்ற பெயரில்கூட. சேர்த்தும் ஓட்டலாம்தான், கோளாறு வந்தால் எந்தப் பக்கத்துக் கோளாறு என்று கண்டுபிடிக்கவே ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும்.

டிசிசி பற்றி: ஒருவர் ஓட்டும் 6க்கு 4 பலகைக்கு இப்போதைக்கு அவசரம் இல்லை என்பது என் கருத்து. சத்தமும் லைட்டும் வேண்டும், ஒரே லைனில் இரண்டு இன்ஜினைத் தனித்தனியே ஓட்ட வேண்டும் என்று ஆசை வந்தால் போங்கள். மேலே சொன்ன கனமான ஒயரும், நிறைய ஃபீடும், உயிருள்ள ஃப்ராக்கும் அப்படியே அதற்கும் பயன்படும். அன்று லூப் சுவிட்சுகளை எல்லாம் ஆன் செய்துவிடுங்கள், பழைய டிசி பவர் கிளிப் (தண்டவாளத்தில் செருகி கரண்ட் கொடுக்கும் கிளிப்) எங்காவது இருந்தால் எடுத்துவிடுங்கள், அதற்குள் இருக்கும் சின்ன கெப்பாசிட்டர் டிசிசி சிக்னலைக் கெடுக்கும். டிசி கன்ட்ரோலரும் டிசிசி பெட்டியும் ஒரே நேரத்தில் ஒரே தண்டவாளத்தில் இருக்கவே கூடாது. அப்புறம் ஒரு காசை எடுத்து லேஅவுட்டின் ஒவ்வொரு மூலையிலும் தண்டவாளத்துக்குக் குறுக்கே வைத்துப் பாருங்கள், எங்கே வைத்தாலும் பெட்டி உடனே கட் ஆக வேண்டும். ஆகாத இடத்தில் ஒயர் மெலிசு அல்லது இணைப்பு தளர்வு. அங்கே வண்டி தடம்புரண்டால் 15 வோல்டில் பல ஆம்பியர் பாய்ந்து சக்கரமும் பிளாஸ்டிக்கும் உருகும்.

வேலையை ஒரு பாயிண்டிலிருந்து ஆரம்பியுங்கள். ஜாய்னர், ஃப்ராக் சுவிட்ச், மோட்டார் மூன்றையும் முடித்து, மல்டிமீட்டரை பஸ்ஸரில் வைத்து சிவப்புக்கும் கறுப்புக்கும் நடுவே சத்தம் வராததைப் பார்த்து, பாயிண்டைத் திருப்பி மறுபடி பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போங்கள். இன்ஜினைத் தண்டவாளத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் பார்க்க வேண்டும், இல்லாவிட்டால் அதன் மோட்டார் வழியாகவே பஸ்ஸர் கத்தும். மீட்டர் இல்லையென்றால் காரின் இண்டிகேட்டர் பல்பு, 12 வோல்ட் 21 வாட், ஒன்றைக் கன்ட்ரோலரிலிருந்து வரும் ஒரு ஒயரில் சீரியலாக மாட்டிவிட்டு வேலை செய்யுங்கள்: எங்காவது ஷார்ட் இருந்தால் பல்பு பளிச்சென்று எரியும், இல்லையென்றால் எரியாது. பிளாஸ்டிக் ஜாய்னரை ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே வாருங்கள், எந்த இடத்தில் பல்பு அணைகிறதோ அங்கேதான் இவ்வளவு நாளும் ஷார்ட் இருந்திருக்கிறது.